மஸ்டடொன், பியர்டியூப்: புதிதாக வருபவர் முதல் நாளிலேயே திரும்பிப் போகாமல் இருக்க என்ன ஆயத்தம் வேண்டும்?

வாசகவட்டம்06 கேட்டது:

கொழும்பு வெள்ளவத்தையில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு வாசகர் வட்டத்துக்காகக் கேட்கிறேன். ஏறத்தாழ 60 பேர். பாதிக்கு மேல் 50 வயதைத் தாண்டியவர்கள். கணினி வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான், மற்றவர்களிடம் அன்ட்ரொயிட் போன் மட்டும். இப்போது கதைப்பதெல்லாம் வட்ஸ்அப் குழுவில், அறிவித்தல் பேஸ்புக்கில், உரைகளின் பதிவு யூடியூப்பில்.

2018, 2019, 2022 என்று இங்கே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்ட ஒவ்வொரு தடவையும் எல்லாம் ஒன்றாகவே போய்விட்டன. அதைவிடப் பெரிய கவலை, நல்ல நல்ல உரையாடல்கள் தேடி எடுக்க ஏலாமல் வட்ஸ்அப்பில் புதைந்து கிடப்பது. அதனால் மஸ்டடொனும் (பேஸ்புக் போலப் பதிவெழுதும் தளம்) பியர்டியூப்பும் (யூடியூப் போன்ற வீடியோத் தளம்) என்று தீர்மானித்தோம். இரண்டும் ஒரே நிறுவனத்திடம் இல்லாமல், வெவ்வேறு ஆட்கள் நடத்தும், ஒன்றோடொன்று இணைந்த பல சேர்வர்களில் ஓடுபவை. 4 ஜிபி ரம் உள்ள ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்து இரண்டையும் அதில் போடலாம் என்பது யோசனை.

சிக்கல் ஆட்களைக் கொண்டுவருவதில்தான். கணக்குத் திறந்தவர்கள் வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வருவதில்லை. சொந்த சேர்வரா, ஏற்கெனவே இருக்கிற ஒன்றா? அழைப்பதற்கு முன் எதையெல்லாம் ஆயத்தமாக வைக்க வேண்டும்? வீடியோவுக்கு எவ்வளவு இடம், எவ்வளவு டேட்டா போகும்? அனுபவமுள்ளவர்கள் விபரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மின்கம்பி பதில்:

தொடக்கத்தில் சொந்த சேர்வர் வேண்டாம். புதிதாக நிறுவிய மஸ்டடொன் சேர்வருக்கு வெளியுலகம் எதுவும் தெரியாது. அங்குள்ள ஒருவர் வெளியில் உள்ள ஒருவரைப் பின்தொடரத் தொடங்கிய பிறகுதான் அவருடைய பதிவுகள் வந்து சேரும், தேடலிலும் அகப்படும். அதற்கு முந்தியவை பெரும்பாலும் வராது. 60 பேரும் முதல் நாள் பார்க்கப்போவது அந்த வெறும் பக்கத்தைத்தான். ஏற்கெனவே சில ஆயிரம் பேர் இருக்கிற, நடத்துபவர் யாரென்று வெளிப்படையாகச் சொல்கிற, விதிகள் எழுதி வைத்திருக்கிற ஒரு சேர்வரைத் தெரிவுசெய்யுங்கள். தெரிவுசெய்வது நீங்கள், அவர்களல்ல. "எந்த சேர்வர் வேண்டும்?" என்ற கேள்வி புதிதாக வருபவர் முன்னால் வரவே கூடாது. அது பிறகு அவர் விரும்பினால் மாறிக்கொள்ளக்கூடிய விடயம்.

எல்லோரையும் ஒரே சேர்வரில் வைப்பதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு. ஹேஷ்டேக் பின்தொடரும் வசதி 2022இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் உங்கள் சேர்வருக்கு வந்து சேர்ந்த பதிவுகளை மட்டுமே அது காட்டும். 60 பேர் பத்து சேர்வர்களில் சிதறினால் ஆளுக்கொரு பாதிதான் தெரியும். ஒரே இடத்தில் இருந்தால் வட்டத்துக்கென்று வைத்த ஹேஷ்டேக் ஒன்றைப் பின்தொடர்ந்தாலே யார் எழுதியதும் தவறாது. அந்த ஹேஷ்டேக் தமிழிலேயே இருக்கலாம், மெய்யெழுத்துப் புள்ளி வந்தாலும் உடையாது. ஆனால் எழுத்துக்கூட்டலை முதலே முடிவுசெய்து வட்ஸ்அப்பில் போட்டு, பிரதியெடுத்து ஒட்டச் சொல்லுங்கள். #வாசகர்வட்டம், #வாசகர்_வட்டம் இரண்டும் வெவ்வேறு.

அழைப்பு விஷயத்தில் அடிக்கடி நடக்கும் பிழை: "பிளே ஸ்டோரில் மஸ்டடொன் ஆப்பை இறக்கிச் சேருங்கள்" என்று சொல்வது. அந்த ஆப் 2023 முதல் புதியவர்களைத் தன் சொந்தப் பெரிய சேர்வரில்தான் முன்னிருப்பாகச் சேர்க்கிறது. உங்கள் ஆட்கள் அங்கே போய்விடுவார்கள். சேர்வதை எப்போதும் போனில் உள்ள குரோமில், லிங்க் வழியாகச் செய்யவையுங்கள். கணக்கு உறுதியான பிறகு ஆப்பை இறக்கி, சேர்வர் பெயரைக் கொடுத்து உள்ளே போகலாம். சேர்வர் அனுமதித்தால் செட்டிங்ஸில் அழைப்பு லிங்க் உருவாக்கலாம். அதில் உங்கள் கணக்கைத் தானாகப் பின்தொடரவைக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதைப் போடுங்கள், முதல் நிமிடத்திலேயே பார்ப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும்.

படிவத்தில் தட்டுப்படும் இடங்களும் தெரிந்தவைதான். பயனர்பெயரில் தமிழ் எழுத்து ஏற்காது. ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு இவ்வளவுதான். காட்சிப்பெயரை மட்டும் தமிழில் வைக்கலாம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் சிவப்பு எழுத்தில் பிழை வந்ததும் பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். அடுத்தது உறுதிப்படுத்தும் ஈமெயில். அது ஸ்பாமில் கிடக்கும். போன் வாங்கியபோது கடைக்காரர் திறந்துகொடுத்த ஜிமெயிலின் கடவுச்சொல் பலருக்கு நினைவில்லை, ஆனால் போனில் ஜிமெயில் திறந்தபடியே இருக்கும். ஆகவே அந்த முகவரி எது என்று பார்த்து எழுதிக்கொண்டால் போதும்.

கணக்குத் திறந்த உடனே மாற்ற வேண்டியது பதிவின் மொழி. விருப்பத்தேர்வுகளில் முன்னிருப்பு மொழியைத் தமிழ் ஆக்குங்கள். இல்லாவிட்டால் தமிழில் எழுதினாலும் ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டு, தமிழ் மட்டும் வடிகட்டிப் பார்ப்பவர் கண்ணில் படாது. அதே பக்கத்தில் உள்ள மொழி வடிகட்டியைப் புதியவர்களுக்கு வெறுமையாகவே விடுங்கள். இடைமுகத்தின் தமிழாக்கம் அரைகுறையாக இருக்கிறது. கிரவுடின் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் யாரும் மொழிபெயர்க்கலாம், பொத்தான்களில் வரும் சொற்களை முதலில் முடித்தாலே புதியவர்களுக்குப் பெரிய உதவி.

வட்டத்தின் பொதுக் கணக்குக்கு மட்டும் இன்னொன்று: பதிவுகளைத் தேடலில் சேர்ப்பதற்கும் பரிந்துரைகளில் காட்டுவதற்கும் உள்ள இரண்டு தெரிவுகளும் தொடக்கத்தில் அணைந்திருக்கலாம். போட்டுவிடுங்கள்.

அழைப்பு அனுப்பும் முன் எட்டுப் பத்துப் பேர் இரண்டு வாரமாவது எழுதியிருக்க வேண்டும். அவர்களைப் பின்தொடரும் பட்டியலை சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்பாக ஏற்றுமதி செய்யலாம்; புதியவர் அதை இறக்குமதி செய்தால் எல்லோரையும் ஒரே தடவையில் பின்தொடர்வார். இறக்குமதியின்போது "சேர்" என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும், "மாற்றீடு" என்று போட்டால் ஏற்கெனவே பின்தொடர்ந்தவர்கள் போய்விடுவார்கள். இது ஆப்பில் இல்லை, உலாவியில்தான் செய்யலாம்.

---

நிழல்திரை பதில்:

வீடியோப் பகுதிக்கு மட்டும் சொல்கிறேன்.

பார்ப்பவர்களுக்கு பியர்டியூப் கணக்கு தேவையே இல்லை. ஒருவரிடம் இரண்டு கணக்குத் திறக்கச் சொன்னால் இரண்டையும் விட்டுவிடுவார். வீடியோவைக் கணக்கில்லாமல் பார்க்கலாம். கருத்துச் சொல்ல விரும்புபவர் தன் மஸ்டடொன் கணக்கிலிருந்தே உங்கள் பியர்டியூப் சனலைப் பின்தொடரலாம்: சனலின் முழு முகவரியை மஸ்டடொன் தேடல் பெட்டியில் ஒட்டினால் வரும். புதிய உரை ஏறியதும் டைம்லைனில் தெரியும், அதற்கு எழுதும் பதில் வீடியோவின் கீழே கருத்தாகத் தோன்றும். இரண்டு மென்பொருளும் அக்டிவிட்டிபப் என்ற ஒரே நெறிமுறையைப் பேசுவதால் கிடைக்கும் வசதி இது. உங்கள் ஆட்களுக்கு அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, செய்து காட்டினால் போதும்.

இதில் இரண்டு இடத்தில் தடுமாற்றம் வரும். சனலின் வீடியோக்கள் மஸ்டடொனுக்கு பூஸ்ட் (மறுபகிர்வு) வடிவில் வருகின்றன. பூஸ்ட்களை மறைத்து வைத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. மற்றது, பின்தொடர்வதற்கு முன் ஏற்றிய வீடியோக்கள் டைம்லைனில் வராது. எனவே மஸ்டடொனில் ஆட்கள் சேர்ந்த பிறகு, பழைய உரைகளை வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுங்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஆட்களைக் கூப்பிட வேண்டாம்.

இடத்தின் கணக்கு: 45 நிமிட உரை ஒன்று 720பி-யில், 1.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) என்று வைத்தால் சுமார் 500 எம்பி. 360பி, 0.5 எம்பிபிஎஸ் என்றால் 170 எம்பி. ஒலி மட்டும், 128 கேபிபிஎஸ் என்றால் 43 எம்பி. மூன்றையும் வைத்தால் உரைக்கு 720 எம்பி, 20 உரைக்கு 15 ஜிபிக்குள். உரை, கலந்துரையாடல் என்றால் 1080பி தேவையில்லை, ஒலி தெளிவாக இருந்தால் போதும். ஒரு நல்ல கொலர் மைக்குக்குச் செலவழிக்கும் காசு கமராவுக்குச் செலவழிப்பதைவிடப் பயன்தரும். அட்மின் பக்கத்தில் எச்எல்எஸ், வெப் வீடியோ என்று இரண்டு வடிவங்கள் இருக்கும். இரண்டையும் போட்டால் இடம் இரட்டிப்பாகும். எச்எல்எஸ் மட்டும் போடுங்கள்.

போனில் 1080பி-யில் எடுத்த மூலக் கோப்பு சுமார் 17 எம்பிபிஎஸ் இருக்கும், 45 நிமிடத்துக்கு 5.7 ஜிபி. 10 எம்பிபிஎஸ் தரவேற்ற வேகத்தில் அது ஏற ஒன்றேகால் மணி நேரம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ சுருக்கும் மென்பொருளில் போட்டு 3 எம்பிபிஎஸ் ஆகச் சுருக்கினால் 1 ஜிபி, 14 நிமிடம். தரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இடையில் இணைப்பு அறுந்தாலும் பியர்டியூப் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நீங்கள் சொல்கிற 4 ஜிபி சேர்வரில் மஸ்டடொனையும் பியர்டியூப்பையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒரு வீடியோவை வெவ்வேறு அளவுகளுக்கு மாற்றும்போது சிபியு முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும், மஸ்டடொன் மூச்சுத் திணறும். பியர்டியூப் 5.2 முதல் அந்த வேலையை வெளியில் உள்ள கணினி ஒன்றிடம் ஒப்படைக்கலாம், ரன்னர் என்று பெயர். யாராவது ஒருவரின் வீட்டில் உள்ள மேசைக்கணினி போதும். அதுவே சேர்வரைத் தேடிப் போய் வேலையை வாங்கிக்கொள்வதால் நிலையான ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), ரூட்டரில் போர்ட் திறப்பது எதுவும் வேண்டாம். ஆனால் மூலக் கோப்பு இறங்கி, மாற்றியவை திரும்ப ஏறும். எனவே அந்த வீட்டில் பைபர் இணைப்பு இருக்க வேண்டும், மொபைல் டேட்டாவில் ஓட்டக்கூடாது.

யூடியூப் சனலை அப்படியே இழுத்துவரும் வசதியும் பியர்டியூப்பில் உண்டு. நம்பியிருக்க வேண்டாம். வாடகை சேர்வர்கள் இருக்கும் தரவுமையங்களிலிருந்து வரும் கோரிக்கைகளை யூடியூப் பெரும்பாலும் தடுக்கிறது, "நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிப்படுத்துங்கள்" என்ற செய்தியோடு இறக்குமதி நின்றுவிடும். மூலக் கோப்புகள் யாரிடம் இருக்கின்றன என்று இப்போதே தேடுங்கள்.

6.2 பதிப்பிலிருந்து விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் மூலம் தானாகத் துணையுரை (திரையின் கீழே வரும் எழுத்து) எழுதவைக்கலாம். தமிழுக்கும் வேலை செய்யும், ஆனால் நம் ஊர்ப் பேச்சுக்கு நிறையப் பிழை விடும், ஆட்பெயர் ஊர்ப்பெயர் எல்லாம் சிதையும். திருத்தாமல் வெளியிட்டால் பேசியவருக்கு அவமரியாதை. ஆரம்பத்தில் தானியங்கியை அணைத்துவிட்டு, முக்கியமான இரண்டு மூன்று உரைகளுக்கு மட்டும் கையால் திருத்திப் போடுங்கள். காது கேட்கச் சிரமப்படுபவர்கள் இருக்கும் வட்டத்தில் அந்த உழைப்பு வீண்போகாது.

---

அலைவரிசை பதில்:

நிழல்திரை சொன்ன எம்பி கணக்கை வட்ஸ்அப்பில் லிங்க் பகிரும்போதே எழுதுங்கோ. இங்கே பலர் போடுவது சமூக ஊடகப் பக்கேஜ். அதில் வட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் யூடியூப்புக்கும் தனி ஒதுக்கீடு இருக்கும். மஸ்டடொனும் பியர்டியூப்பும் அதற்குள் வராது, பொது டேட்டாவில்தான் கழியும். யூடியூப்பில் மணிக்கணக்காகப் பார்த்தும் குறையாத டேட்டா உங்கள் ஒரு உரையைப் பார்த்ததும் 500 எம்பி குறைந்தால் அந்த ஆள் திரும்ப வரமாட்டார், ஏன் என்று சொல்லவும் மாட்டார். "45 நிமிடம். 360பி: 170 எம்பி. ஒலி மட்டும்: 43 எம்பி" என்று ஒரு வரி. தரத்தை மாற்றும் பற்சக்கரக் குறி எங்கே இருக்கிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷொட்.

பியர்டியூப் பார்ப்பவர்களுக்கிடையே வீடியோத் துண்டுகளைப் பகிரவைக்கும். சேர்வருக்கு அது நன்மை, ஆனால் பார்ப்பவரின் போனிலிருந்து தரவேற்றமும் நடக்கும். மொபைல் டேட்டா என்று தெரிந்தால் அது தானே அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் எல்லா உலாவியும் அந்தத் தகவலைச் சொல்வதில்லை. அதோடு, ஒருவருடைய ஐபி முகவரி கூடப் பார்க்கும் மற்றவருக்குப் போகும். 60 பேருக்கு இந்தப் பகிர்வு தேவையில்லை: 30 பேர் ஒரே நேரத்தில் 720பி பார்த்தாலும் 45 எம்பிபிஎஸ்தான், சாதாரண வாடகை சேர்வர் தாங்கும். அட்மின் அமைப்பில் அதை முன்னிருப்பாக அணைத்துவிடுங்கோ.

சேர்வர் சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ இருந்தால் கொழும்பிலிருந்து திறக்கும் வேகம் ஜேர்மனியில் இருப்பதைவிடத் தெளிவாக நன்றாக இருக்கும். வாடகை கொஞ்சம் கூடலாம். வீடியோவைத் தொட்டதும் ஓடத் தொடங்குவது புதியவர்களுக்கு முக்கியம், அதனால் நான் சிங்கப்பூர் என்பேன்.

முடக்கம் பற்றி ஒன்று. சின்ன சேர்வர் தடைப் பட்டியலில் இல்லாததால் தப்பலாம், அவ்வளவுதான். டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, தடுத்தால் மஸ்டடொனும் மற்றவை போலவே நிற்கும். "இதை யாராலும் தடுக்க ஏலாது" என்று சொல்லி ஆட்களைச் சேர்க்காதீங்கோ.

---

வாசகவட்டம்06 எழுதியது:

மிக்க நன்றி. சேர்வர் யோசனையை மாற்றிக்கொள்கிறோம், பியர்டியூப்பை மட்டும் தனியாகப் போடுவோம். இன்னும் இரண்டு: நேரில் கூட்டிவைத்துச் சேர்ப்பதென்றால் எப்படி நடத்துவது? நாங்கள் சேரும் மஸ்டடொன் சேர்வர் நாளைக்கு மூடப்பட்டால்?

---

தோழி_கொட்டாஞ்சேனை பதில்:

நேரில் செய்வதுதான் சரி. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஒரு தடவைக்கு 12 பேருக்கு மேல் வேண்டாம், மூன்று பேருக்கு ஒரு உதவியாளர். முந்தைய நாள் வட்ஸ்அப்பில் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள்: போனில் உள்ள ஜிமெயில் முகவரி, விரும்பும் பயனர்பெயர். மண்டபத்தில் வைஃபை இருக்கட்டும். ஆனால் ஒரே ஐபி முகவரியிலிருந்து அடுத்தடுத்துக் கணக்குத் திறந்தால் சில சேர்வர்கள் ஸ்பாம் என்று எண்ணி நிறுத்திவிடும். சேர்வர் நடத்துபவருக்கு முன்பே எழுதி, எந்த நாள், எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். சேர ஒப்புதல் தேவைப்படும் சேர்வர் என்றால் அந்த நேரத்தில் அவர் விழித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். இங்கே காலை 10 மணி என்றால் ஐரோப்பாவில் அதிகாலைதான். மாலைக் கூட்டம் நல்லது.

அன்றைக்கு விளக்கவுரை வேண்டாம். பரவலாக்கம், நெறிமுறை, சேர்வர்களின் கூட்டமைப்பு எல்லாம் ஆர்வமுள்ளவர் பிறகு கேட்பார். கணக்கு, காட்சிப்பெயர், படம், மொழி, ஐந்து பேரைப் பின்தொடர்வது, #அறிமுகம் என்று ஒரு பதிவு, மற்றவருக்கு ஒரு பதில். எழுந்து போகும் முன் ஒவ்வொருவரின் அறிமுகத்துக்கும் குறைந்தது இரண்டு பதில் வந்திருக்க வேண்டும். அதற்கென்று நாலு பேரை அடுத்த இரண்டு வாரத்துக்கு முறைவைத்துப் பொறுப்பாக்குங்கள். மஸ்டடொனில் பதிவுகள் நேர வரிசையில் வருமே தவிர ஈர்ப்பானதைத் தூக்கிக் காட்டும் ஏற்பாடு வீட்டுப் பக்கத்தில் இல்லை. மனிதர்கள் பதில் போடாவிட்டால் அந்த இடத்தில் எதுவுமே அசையாது. என்னைப் பொறுத்தவரை இங்கே சொன்ன எல்லாவற்றிலும் இதுதான் அதிகம் பயன்தரும்.

வட்ஸ்அப் குழுவை மூடாதீர்கள். அறிவித்தல் முதலில் மஸ்டடொனில், அதன் லிங்க் வட்ஸ்அப்பில். நீண்ட கதை எல்லாம் "அங்கே வாங்கோ" என்று லிங்கோடு.

மட்டுறுத்துநர் (கருத்துகளைக் கண்காணிப்பவர்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பியர்டியூப் உங்களுடையது என்றால் கருத்துகளுக்கு நீங்களே பொறுப்பு. தமிழ் வாசிக்கும் இருவர், சிங்களம் வாசிக்கும் ஒருவர் வேண்டும். முதல் சில மாதம் கருத்துகளை ஒப்புதலின் பின் வெளியிடுங்கள், கணக்குத் திறப்பதை மூடியே வையுங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. முறைப்பாடு வந்தால் யார் பதில் சொல்வது என்று ஒரு சட்டத்தரணியோடு முன்பே கதைத்து வையுங்கள். பிள்ளைகள் வரும் நிகழ்ச்சி என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் பதிவேற்ற வேண்டாம்.

சேர்வர் மூடப்பட்டால்: வேறு சேர்வரில் கணக்குத் திறந்து, முதலில் அங்கே பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும், பிறகு பழைய கணக்கிலிருந்து நகர்த்த வேண்டும். பின்தொடர்பவர்கள் தானாக வருவார்கள். நீங்கள் பின்தொடர்பவர்களை சிஎஸ்வி வழியாகக் கொண்டுபோகலாம். பதிவுகள் வராது. ஒருமுறை நகர்ந்தால் அடுத்த 30 நாளுக்கு மறுபடி நகர ஏலாது. பழைய சேர்வர் உயிரோடு இருக்கும்போதே இதெல்லாம் செய்ய வேண்டும் என்பதால் பொதுக் கணக்கின் ஆவணப் பிரதியை மாதத்துக்கு ஒருமுறை இறக்கி வையுங்கள், அதில் உங்கள் பதிவுகளும் படங்களும் இருக்கும்.

---

மின்கம்பி பதில்:

தோழி அக்கா சொன்ன முறைவைப்பு யோசனைக்கு மேல் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. பியர்டியூப்புக்கு டொமைன் வாங்கும் முன் இரண்டு குறிப்பு மட்டும். டொமைனை இப்போதே நிரந்தரமாக முடிவுசெய்யுங்கள். மற்ற சேர்வர்கள் உங்களை அந்தப் பெயரால்தான் நினைவில் வைத்திருக்கும், பின்னர் மாற்றினால் பின்தொடர்ந்தவர்கள் எல்லாம் அறுந்துபோவார்கள். டொட் இலங்கை என்று தமிழிலேயே டொமைன் எடுக்க முடியும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சனல் முகவரியில் அது புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக வெளிப்படும், வாயால் சொல்லவும் ஏலாது. டொட் எல்கே எடுத்து, தமிழ் டொமைனை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

மற்றது ஈமெயில். வாடகை சேர்வர்களில் மடல் வெளியே போகும் வாயிலான 25ஆம் போர்ட் பெரும்பாலும் மூடியிருக்கும். பியர்டியூப் அனுப்பும் கடவுச்சொல் மீட்பு மடல்கள் போய்ச் சேராது, பிழைச்செய்தியும் உங்கள் கண்ணில் படாது. மடல் அனுப்பும் சேவை ஒன்றை 587ஆம் போர்ட்டில் இணைத்து, மடல் உண்மையில் உங்களிடமிருந்து வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனில் போட்டு, மூன்று வெவ்வேறு ஜிமெயில் முகவரிக்குச் சோதனை மடல் அனுப்பி, இன்பொக்ஸில் விழுகிறதா என்று பார்த்த பிறகு லிங்கை வெளியே கொடுங்கள்.